அளவு சுருங்கிய வரலாறு

சென்ற ஐப்பசியில், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், என் மருத்துவ அறைக்கு இளம் பெண்ணொருத்தி வந்தாள். இரண்டாம் குழந்தை பிறந்து எட்டுத் திங்கள் ஆகியிருந்தன. உடன் மாமியாரும் வந்திருந்தார். கைக்குட்டையில் முடிந்து கொணர்ந்த மாத்திரை அட்டையொன்றை அவள் மேசைமீது வைத்தாள். அரசு வழங்கும் கருத்தடை மாத்திரைதான் அது.

“டாக்டரம்மா, இதைச் சாப்பிட்டா சர்க்கரை வியாதி வருமாமே? அத்தை வேண்டாங்கறாங்க.”

“சும்மா சொல்லலீங்க, டாக்டரம்மா,” என்றார் மாமியார். “இவ அம்மாவுக்குச் சர்க்கரை. மாசமா இருந்தப்ப இவளுக்கும் ஏறி இறங்குச்சு. அதனாலதான் பயமா இருக்கு.”

வரும் என்று சொல்லலாம். வராது என்றும் சொல்லலாம். எந்த ஆண்டின் மாத்திரை, எத்தனை அளவு, உட்கொள்பவள் யார் என்பனவற்றைப் பொறுத்தே விடை அமையும். அவளுக்கு அன்று நான் சொன்ன விடை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அந்த விடையைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. நேயர்களே, அந்த நாற்பதாண்டு வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன். மாத்திரையைப் பற்றிய சமயப் பூசல்களும், மக்கட்பெருக்கம் குறித்த வாதங்களும் பலராலும் பேசப்பட்டவை. அவற்றை நான் தொடப்போவதில்லை. உடலுக்குள் சென்ற அம்மாத்திரை சர்க்கரையையும் கொழுப்பையும் இரத்த அழுத்தத்தையும் என்ன செய்தது, அதனை யார் கண்டார்கள், கண்டதை யாரிடம் சொன்னார்கள் என்பது மட்டுமே என் பொருள்.

மாத்திரையின் பிறப்பைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1921-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு இன்ஸ்புருக் நகரில் ஹாபர்லாந்து என்னும் பேராசிரியர், சூல்கொண்ட முயலின் சூலகத்தை எடுத்து வேறொரு முயலின் உடலில் வைத்து, அது கருவுறாமல் இருப்பதைக் காட்டினார். கருவுற்ற காலத்தில் மீண்டும் கருவுறாதபடி இயற்கை இடும் தடையை மருந்தாகவே தரமுடியும் என்பது அவர் கருத்து. ஆனால் மருந்து செய்வதற்கான பொருள் எளிதில் கிட்டவில்லை. 1940-களில் அமெரிக்க வேதியியலார் ரஸல் மார்க்கர் மெக்ஸிகோ நாட்டுக் காடுகளில் விளையும் ஒருவகைக் கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் செய்துகாட்டினார். நம் நாட்டுப் பெருவள்ளி, காய்வள்ளி இவற்றின் இனத்தைச் சேர்ந்தது அக்கிழங்கு. (சர்க்கரைவள்ளி அன்று, அது வேறு குலம்.) 1951-ஆம் ஆண்டு அக்டோபரில் மெக்ஸிகோ நகரத்து ஸின்டெக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜெராஸி, ரோஸன்கிரான்ஸ், மிராமோண்டஸ் ஆகியோர், வாய்வழி உட்கொண்டாலும் வலிமை குன்றாத நாரெதிஸ்டிரோன் என்னும் பொருளை உருவாக்கினர். சில ஆண்டுகளுக்குள் சிகாகோ நகரையடுத்த ஸேர்ல் நிறுவனத்தில் கோல்டன் என்பவர் அதற்கு ஒப்பான மற்றொன்றைச் செய்தார்.

“வாய்வழி உட்கொண்டாலும்” என்று சொன்னேன் அல்லவா? வரலாற்றின் முடிச்சு முழுவதும் அச்சொற்களில்தான் இருக்கிறது.

பெண்ணின் சூலகத்தில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன் நேரே பொது இரத்த ஓட்டத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. கல்லீரலுக்கும் அதில் ஒரு பங்கு போகிறது. வாயால் விழுங்கும் மருந்தின் வழி வேறு. குடலிலிருந்து உறிஞ்சப்பட்ட யாவும் முதலில் கல்லீரலுக்கே செல்லவேண்டும். ஊருக்குள் நுழையும் சரக்கையெல்லாம் நிறுத்திச் சோதிக்கும் சுங்கச்சாவடி போன்றது கல்லீரல். இயற்கை ஹார்மோனை விழுங்கினால் பெரும்பகுதியை அது அங்கேயே சிதைத்துவிடும். ஆகவே வேதியியலார் ஹார்மோனின் உடலில் ஒரு சிறு கரிமத் தொகுதியைப் பூட்டுப்போல மாட்டினர். பெர்லின் நகரத்து ஷெரிங் ஆய்வுக்கூடத்தில் 1938-இல் இன்ஹோஃபனும் ஹோல்வெக்கும் உண்டாக்கிய எத்தினில் ஈஸ்ட்ரடையால் அவ்வாறு பூட்டிடப்பட்ட ஈஸ்ட்ரோஜனே. இன்றைய மாத்திரைகள் மிகப் பலவற்றிலும் அதுவே உள்ளது.

பூட்டு தன் வேலையைச் செய்தது. ஆனால் சிதைக்க முடியாத சரக்கு சாவடியைக் கடக்கும்போது, சாவடியின் வேலைகளையே மாற்றிவிட்டுப் போகிறது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களைச் செய்வது கல்லீரல்; கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள்களைச் செய்வதும் அதுவே; இரத்த அழுத்தத்தை உயர்த்தவல்ல ஆஞ்சியோடென்ஸின் என்னும் பொருளுக்கு மூலமான புரதத்தைச் செய்வதும் அதுவே. ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் இம்மூன்றும் மிகுகின்றன. மாத்திரையின் மற்றொரு பாதியான புரோஜெஸ்டின் வேறு வகையில் தொழிற்படுகிறது. தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதை அது ஓரளவு குறைக்கிறது. அதனை ஈடுசெய்யக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கவேண்டியிருக்கிறது. ஆண்தன்மைச் சாயல் மிக்க புரோஜெஸ்டினாயின், நன்மை தரும் கொலஸ்ட்ராலையும் குறைக்கிறது. இவையெல்லாம் இன்று மாணவரும் அறிந்தவை. 1956-இல் மாத்திரையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கோ இவை தெரியா.

அவ்வாண்டு ஏப்ரலில் போர்ட்டோ ரிக்கோ தீவில், ரியோ பியத்ராஸ் என்னுமிடத்தில், ஏழை எளியோர் குடியிருப்பில் பெரிய அளவிலான முதற் சோதனை தொடங்கியது. கிரிகரி பிங்கஸும் ஜான் ராக்கும் அதன் தலைவர்கள். மார்கரெட் ஸாங்கர் அம்மையாரின் தூண்டுதலும், காதரின் மக்கார்மிக் அம்மையாரின் பெருஞ்செல்வமும் பின்னின்றன. கரு உறுதியாகத் தங்கக்கூடாது என்பதற்காக அளவைத் தாராளமாகவே வைத்தனர். ஒரு மாத்திரையில் நாரெதினோட்ரெல் 9.85 மில்லிகிராம், மெஸ்ட்ரனால் என்னும் ஈஸ்ட்ரோஜன் 0.15 மில்லிகிராம். அந்த ஈஸ்ட்ரோஜன் உள்ளே புகுந்த கதை விந்தையானது. தொடக்கத்தில் அது வேண்டுமென்று சேர்க்கப்பட்டதன்று. தயாரிப்பின்போது தவறிக் கலந்த மாசு. மாசை நீக்கித் தூய்மைப்படுத்திப் பார்த்தபோது, பெண்களுக்கு இடையிடையே உதிரப்போக்கு ஏற்பட்டது. ஆகவே மாசையே மீண்டும் அளந்து சேர்த்தனர். பிற்காலத்தில் எந்தப் பொருளின் அளவைப் பற்றி உலகமே வழக்காடியதோ, அப்பொருள் இவ்வாறு தற்செயலாக வந்து சேர்ந்ததே.

சோதனையை முன்னின்று நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்னும் அம்மையார். நூற்றுக்குப் பதினேழு பெண்கள் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி, வயிற்றுவலி, வாந்தி என்று முறையிட்டதை அவர் எழுதி அனுப்பினார். கருவைத் தடுப்பதில் மாத்திரை தவறவில்லை. எனினும் பொதுவாக ஏற்கத்தகாத அளவுக்குத் தொல்லைகள் மிகுதி என்பது அவர் தீர்ப்பு. அத்தீர்ப்பு கேட்பாரற்றுப் போயிற்று. தொல்லைகளிற் பல மனத்தின் கற்பனை என்று பிங்கஸ் கருதினார். தாங்கள் ஒரு சோதனைக்கு உள்ளாகிறோம் என்பதும் அப்பெண்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஒரு பெண் மருத்துவர் தம் கண்ணால் கண்டு எழுதிய அந்த முதல் அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம், அந்த அளவை அன்றே பாதியாக்கிப் பார்த்திருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1957-இல் அமெரிக்க அரசு அம்மாத்திரையை இனோவிட் என்னும் பெயரில், மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாக ஏற்றது. 1960-இல் கருத்தடைக்கும் ஒப்புதல் வந்தது. மறு ஆண்டு அது பிரிட்டனுக்கும் சென்றது.

அந்த 1961-ஆம் ஆண்டிலேயே முதல் எச்சரிக்கை எழுந்தது. பிரிட்டனில் ஸஃபோக் மாவட்டத்து மருத்துவர் ஜோர்டன் என்பவர் ‘லான்ஸெட்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். கருப்பை நோயொன்றுக்காக இம்மருந்தை உட்கொண்ட ஒரு செவிலிக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டதை அதில் தெரிவித்திருந்தார். ஒரு நோயாளி, ஒரு கடிதம். அதனால் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அதன்பின் மருத்துவர்கள் கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கினர்.

சர்க்கரையின் கதை சற்றுப் பிந்தி வந்தது. குளுகோஸ் கரைத்த நீரைக் குடிக்கச் செய்து, மணிக்கு மணி இரத்தத்தைச் சோதிக்கும் முறையை நேயர்களிற் பலர் தம் வீட்டுப் பெண்களின் கருவுற்ற காலத்தில் கண்டிருப்பீர்கள். 1964-இல் அமெரிக்காவில் கெர்ஷ்பெர்க்கும் துணைவரும், மாத்திரை உட்கொள்ளும் பெண்களிடம் அச்சோதனையைச் செய்து, சர்க்கரையைத் தாங்கும் திறன் குறைந்திருப்பதைக் கண்டனர். 1966-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் விக்டர் வின் என்பாரும் டோர் என்பாரும் அதையே விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். அதே ஆண்டில் இரத்தக் கொழுப்பும் மாறுவதைக் காட்டினர். மறு ஆண்டு நியூயார்க்கில் லாராவும் துணைவரும், சில பெண்களுக்கு மாத்திரையால் இரத்த அழுத்தம் உயர்வதையும், மேலே நான் குறிப்பிட்ட ஆஞ்சியோடென்ஸின் வழியில் ஏற்படும் மாற்றங்களையும் விளக்கினர்.

இக்கண்டுபிடிப்புகளுக்கு மாத்திரையின் ஆதரவாளர் கூறிய மறுமொழி கேட்கத்தக்கது. கருவுற்ற காலத்திலும் சர்க்கரையும் கொழுப்பும் இவ்வாறே மாறுகின்றன. ஆகவே இது இயற்கையைப் பின்பற்றுவதே என்றனர். கருவுறுதல் பத்துத் திங்களில் முடிந்துவிடும் என்பதையும், மாத்திரை பத்து, பதினைந்து ஆண்டுகள் தொடரக்கூடும் என்பதையும் அவர்கள் மறந்தார்கள் போலும். எதிர்த்தரப்பினரும் ஒன்றை மறந்தனர். சோதனையில் தாங்கும் திறன் குறைவது வேறு. நீரிழிவு நோய் வருவது வேறு. முன்னது பின்னதாய் முடிகிறதா என்று அறியப் பல்லாயிரம் பெண்களைப் பல்லாண்டு பின்தொடரவேண்டும்.

அப்பெரும்பணி 1968-இல் பிரிட்டனில் தொடங்கிற்று. பொது மருத்துவர் கழகத்தின் ஏற்பாட்டில் நாடெங்குமுள்ள சுமார் 1,400 குடும்ப மருத்துவர்கள், மாத்திரை உட்கொள்வோரும் உட்கொள்ளாதோருமாக ஏறத்தாழ 46,000 பெண்களைப் பதிவுசெய்துகொண்டனர். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய செவிலியர் ஆய்வு இன்னும் பெரியது. 1,21,700 செவிலியர் அதில் சேர்ந்தனர். மாத்திரையின் நீண்டகால விளைவை அறிவதே அதன் முதல் நோக்கமாய் இருந்தது.

இதற்கிடையில், ஈஸ்ட்ரோஜனின் அளவு கூடக்கூட இரத்தக்கட்டி அபாயமும் கூடுகிறது என்பது தெளிவாயிற்று. 1969 டிசம்பரில் பிரிட்டிஷ் மருந்துப் பாதுகாப்புக் குழு, 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளைத் தவிர்க்குமாறு மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. மறு மாதமே வாஷிங்டன் நகரில் செனட்டர் கேலார்டு நெல்சன் விசாரணை நடத்தினார். பார்பரா ஸீமன் என்னும் பெண் எழுத்தாளரின் நூல் அதற்குத் தூண்டுகோல். லண்டனிலிருந்து வின் சென்று சாட்சி கூறினார். மையாமியிலிருந்து வந்த ஸ்பெல்லசி சர்க்கரையைப் பற்றிக் கூறினார். அவையில் பேசியவர் யாவரும் வல்லுநர். மாத்திரையை விழுங்கிய பெண் ஒருத்தியையும் சாட்சியாக அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த ஆலிஸ் உல்ஃப்ஸனும் அவருடைய தோழியரும் எழுந்து, எங்களை ஏன் கேட்கவில்லை, எங்களிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று உரக்கக் கேட்டனர். அதன் பயனாக அவ்வாண்டே அமெரிக்காவில் மாத்திரைப் பெட்டிக்குள் பெண்களே படிக்கத்தக்க எச்சரிக்கைத் தாள் வைக்கப்பட்டது. முதலில் எழுதிய நீண்ட வாசகம் வெட்டுண்டு மிகச் சிறிதாகவே வெளிவந்தது, ஆயினும் வந்தது.

அதற்குப் பின் அளவு படிப்படியாகச் சுருங்கியது. 1988-இல் அமெரிக்காவில் 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட மாத்திரைகள் கடைகளிலிருந்தே மறைந்தன. இன்று வழங்கும் மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராமே. புரோஜெஸ்டினும் மில்லிகிராம் கணக்கிலிருந்து அதன் சிறு பின்னத்திற்கு இறங்கிற்று. ஆனால் அவை வெவ்வேறு பொருள்கள் ஆதலின் எடையை எடையோடு ஒப்பிடுதல் முறையாகாது.

அளவு குறைந்தபின் உடலில் நிகழ்ந்ததை வின்னின் மாணவ வழியினரான காட்ஸ்லண்டும் துணைவரும் 1990-இல் அளந்து காட்டினர். ஒன்பது வகை மாத்திரைகளை உட்கொண்ட 1,060 பெண்களையும், உட்கொள்ளாத 418 பெண்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். கூட்டு மாத்திரை உட்கொண்டோரிடம் டிரைகிளிஸரைடு என்னும் கொழுப்பு, வகைக்கேற்ப நூற்றுக்கு 13 முதல் 75 வரை மிகுந்திருந்தது. நன்மை தரும் கொலஸ்ட்ரால் சில வகையில் குறைந்தது; சில வகையில் கூடிற்று. குளுகோஸ் சோதனையில் சர்க்கரையும் இன்சுலினும் உயர்ந்தே நின்றன. ஆக, மாற்றம் அடியோடு மறையவில்லை, மட்டுப்பட்டது.

இந்த அளவீடுகளை நம்பி ஒரு தவறும் நேர்ந்தது. கொலஸ்ட்ராலை நல்வழியில் மாற்றிய புதுவகைப் புரோஜெஸ்டின்கள், இருதயத்துக்கும் இரத்தக்குழாய்க்கும் மேலானவை என்று போற்றப்பட்டன. 1995 அக்டோபரில் பிரிட்டிஷ் அதிகாரிகள், அவ்வகை மாத்திரைகள் இரத்தநாளக்கட்டி அபாயத்தைப் பழையவற்றைப்போல் ஏறக்குறைய இருமடங்காக்குகின்றன என்று திடீரென அறிவித்தனர். தாளில் அழகாயிருந்த கொழுப்புக் கணக்கு, நாளத்தில் உறையும் இரத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அறிவிப்போ பெண்களிடையே பீதியைக் கிளப்பிற்று. பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினர். வேண்டாக் கருவும் கருச்சிதைவும் கூடின. இருமடங்கு என்றவர்கள் எதனுடைய இருமடங்கு என்று விளங்கச் சொல்லவில்லை. ஐரோப்பிய மருந்துக் குழு 2013-இல் தந்த கணக்கு இது: மாத்திரை உட்கொள்ளாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு இரத்தக்கட்டி வருகிறது, லெவோநார்ஜெஸ்ட்ரெல் வகையில் 5 முதல் 7 பேருக்கு, டெஸோஜெஸ்ட்ரெல் போன்ற வகைகளில் 9 முதல் 12 பேருக்கு. பிள்ளைப்பேற்றின்போது அந்த அபாயம் இவற்றினும் அதிகம்.

நெடுநாள் ஆய்வுகள் தந்த விடை ஆறுதலானதே. முன்பு மாத்திரை உட்கொண்டு நிறுத்தியவர்களுக்கு இருதய நோய் மிகவில்லை என்று செவிலியர் ஆய்வு 1988-இல் தெரிவித்தது. நீரிழிவைப் பொறுத்தும் கணிசமான மிகுதி காணப்படவில்லை. பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர்கள் தம் பெண்களை 39 ஆண்டுகள் வரை தொடர்ந்தபின் 2010-இல் வெளியிட்ட கணக்கில், மாத்திரை உட்கொண்டோரின் இறப்பு உட்கொள்ளாதோரைவிட நூற்றுக்கு 12 குறைவாகவே இருந்தது.

நம் நாட்டில் அரசு இலவசமாய் வழங்கும் மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும், நிறம் வேறுபட்ட 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம். இரும்பைச் சேர்த்தவர் நம் பெண்களின் சோகையை அறிந்தவர். ஹார்மோனே வேண்டா என்னும் வழியையும் இந்தியா கண்டது. லக்னோ மத்திய மருந்து ஆய்வு நிலையத்தில் பிறந்த ஸஹேலி, ஸ்டீராய்டு அல்லாத மாத்திரை, 1991-இல் வெளிவந்தது. முதல் மூன்று திங்கள் வாரம் இருமுறையும், பின் வாரம் ஒருமுறையும் உட்கொள்வது. இன்று சாயா என்னும் பெயரில் அரசுத் திட்டத்திலும் உள்ளது. இதனை நம் ஊர்ப் பெண்களிற் பலரும் அறியாதிருப்பது எனக்கு வருத்தமே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1957-இல் இனோவிட் மாதவிடாய் மருந்தாக நுழைந்தது போலவே, இன்றும் இம்மாத்திரை மாதவிடாய் ஒழுங்கற்ற இளம் பெண்களுக்குத் தரப்படுகிறது. சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்று நாம் வழங்கும் நிலையில், இன்சுலினுக்குச் செவிசாயாத தன்மை முன்னமே இருப்பதுண்டு. மாதம் தவறாமல் உதிரம் வருவதைக் கண்டு நோய் நீங்கிற்றென்று பெற்றோர் மகிழ்கின்றனர். சர்க்கரையையோ இரத்த அழுத்தத்தையோ யாரும் அளப்பதில்லை. மாத்திரை அங்குப் பயனுள்ளதே. அளவாத மருத்துவமே குறை.

அந்த மழைநாளுக்குத் திரும்புகிறேன். பாலூட்டும் தாய்க்கு ஈஸ்ட்ரோஜன் ஆகாது, புரோஜெஸ்டின் மட்டுமே உள்ள ‘மென்மையான’ மாத்திரைதான் ஏற்றது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தனர். முதல் ஆறு திங்களுக்கு அது பொதுவாக நல்லறிவுரையே. ஆனால் 1998-இல் லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரில், கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்டிருந்த லத்தீன் அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, பாலூட்டுகையில் அம்மென்மையான மாத்திரையை உட்கொண்டோருக்குப் பின்னர் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுந்ததைக் கண்டது. குறைந்த அளவுக் கூட்டு மாத்திரையில் அம்மிகுதி இல்லை. மாமியாரின் அச்சம் ஆதாரமற்றதன்று. தவறான அட்டையின்மீது விழுந்திருந்தது, அவ்வளவே.

“பிள்ளை பெத்த பிறகு சர்க்கரை பார்த்தியாம்மா?” என்று கேட்டேன்.

“இல்லைங்க. யாரும் பார்க்கச் சொல்லலீங்களே.”

இரத்த அழுத்தம் அளந்தேன், சரியாக இருந்தது. புகைப்பழக்கம் இல்லை, காலில் கட்டி வந்ததில்லை, ஒற்றைத் தலைவலி இல்லை. தாமிரக் கருவியைப் பற்றியும் சொன்னேன். அவளுக்கு அதில் விருப்பமில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, 75 கிராம் குளுகோஸ் கொடுத்துச் சோதித்தோம். வெறும் வயிற்றில் 92, இரண்டு மணி நேரம் கழித்து 128. ஆண்டுதோறும் மறவாமல் பார்க்கவேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அட்டையை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

மாமியார் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. சற்றுத் தயங்கி, “வந்தது வந்தோம், எனக்கும் ஒருதடவை பார்த்துடுங்க டாக்டரம்மா,” என்று கையை நீட்டினார்.